கேட்சர் பையனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்?

டெக்சாஸிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறான், பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். மட்டை வீச்சு சுமார்தான். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பந்து எறியும் பிட்சர்களில் எவன் எந்த இன்னிங்ஸில் தடுமாறினான் என்று நோட்டில் எழுதி வைக்கிறானாம். கல்லூரியிலும் ஆடி, பிற்பாடு மேனேஜர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டிலோ பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவு செய்தாகிவிட்டது. ஊரிலிருந்து பெரியப்பா வேறு போன் செய்து, "பந்து பிடிக்கவா அமெரிக்கா போனீங்க?" என்று கேட்கிறாராம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். பையனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த விஷயத்தில் பெரியப்பா பேச்சைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் விளக்குவார்கள், அதை விட்டுவிடுகிறேன். மனசே இல்லாத பையனை, நாலு பேரிடம் பெயர் சொல்வதற்காகக் கடன் வாங்கி அதில் சேர்த்தால் கடன்தான் மிஞ்சும்.

பேஸ்பாலில் மேனேஜர் என்பவர், கிரிக்கெட்டில் கேப்டனும் தலைமைப் பயிற்சியாளரும் பிரித்துக்கொள்கிற வேலையைத் தனியாளாகச் செய்பவர். யார் எந்த வரிசையில் ஆடுவது, பிட்சரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. அதற்கு நட்சத்திர வீரராக இருந்திருக்க வேண்டியதில்லை. பெரிய மேனேஜர் என்று பெயர் எடுத்த புரூஸ் போச்சியும் கேட்சர்தான். உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒன்பது சீசன்களில் அவர் ஆடியது 358 ஆட்டங்கள் மட்டுமே. 1989-ல் ஸ்போகேன் என்ற ஊரின் அணிக்கு, மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில், மேனேஜர் ஆனார். 1995-ல் சான் டியாகோவின் மேனேஜர். பிறகு சான் பிரான்சிஸ்கோவுடன் 2010, 2012, 2014 என்று மூன்று முறையும், டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடன் 2023-லும் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார்.

கேட்சர்கள் இத்தனை பேர் மேனேஜர் ஆவதற்குக் காரணம் உண்டு. களத்தில் மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரைப் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர் மட்டும் மொத்த மைதானத்தையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பிட்சரின் கை சோர்ந்தால் பந்து மெல்ல மேலேறும். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடும். அதை முதலில் கவனிப்பதும், எழுந்து போய் நாலு வார்த்தை பேசி நிதானப்படுத்துவதும் கேட்சர்தான். உங்கள் பையன் நோட்டில் எழுதுவது இந்த வேலையைத்தான்.

இன்னொரு கேட்சரான ஸ்டீபன் வோட்டின் கதை பையனுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அசூசா பசிபிக் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் படித்தவர். அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007-ல் 12-வது சுற்றில்தான் எடுத்தார்கள். ஐந்து வருடம் மைனர் லீகில் கிடந்து 2012-ல் மேஜர் லீகுக்கு வந்தார். முதல் 32 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லை. 33-வதில் ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி! 2022-ல் ஓய்வு பெற்றபோது கடைசி முயற்சியும் ஹோம் ரன். அடுத்த வருடம் சியாட்டிலில் மாற்று பிட்சர்களைத் தயார்படுத்தும் புல்பென் பயிற்சியாளர், 2024-ல் கிளீவ்லாந்து மேனேஜர். அந்த வருடமும் 2025-லும் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது அவருக்கே.

சரி, எல்லோரும் வோட் ஆக முடியுமா? முடியாது. மேஜர் லீகில் இருப்பது 30 மேனேஜர் நாற்காலி. ஆனால் அந்த 30 அணிகளுக்குக் கீழே 120 மைனர் லீக் அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேனேஜரும் பயிற்சியாளர்களும் உண்டு. அப்புறம் கல்லூரிகள், பள்ளிகள். பேருந்துப் பயணமும், ஆட்டம் முடிந்த இரவில் எழுதும் அறிக்கையும், டொமினிகன் குடியரசிலிருந்து வந்து வீட்டை நினைத்து ஏங்கும் பையன்களைத் தேற்றுவதும்தான் அங்கே அன்றாடம். அதனால் பையன் இப்போதே ஸ்பானிஷ் படிக்கட்டும். எந்தப் பட்டத்தையும்விட அது இங்கே உடனே கைகொடுக்கும்.

பணத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு தேர்வாளர்கள் முன் ஆடவிடும் ஷோகேஸ்களுக்கு இனி ஒரு டாலர்கூட வேண்டாம். அவன் ஆடும் வீடியோவையும் மதிப்பெண் பட்டியலையும் சிறிய கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கு அவனே மின்னஞ்சல் அனுப்பட்டும். கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்று கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது; ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி கிடைக்கும். உடலியக்க அறிவியல், உளவியல், புள்ளியியல், இதில் எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். டெட்ராய்ட் மேனேஜர் ஏ.ஜே. ஹிஞ்ச், பள்ளி முடித்ததும் டிராஃப்டில் இரண்டாம் சுற்றிலேயே வந்த அழைப்பை மறுத்து, ஸ்டான்போர்டில் உளவியல் படித்தவர்.

உங்கள் மகனுக்கும் அப்படி அழைப்பு வந்தால் அவசரப்படாதீர்கள். மைனர் லீகின் உச்சமான ட்ரிபிள்-ஏவில்கூட 2023-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அடிமட்டத்தில் 20,000-க்கும் கீழே. கல்லூரிச் செலவை அணி ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு, பேசி வாங்க வேண்டும். அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட விடாதீர்கள்.