மொஃபாட்டில் ஓர் இரவு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மே மாதம் மகளைப் பார்க்க எடின்பரோ போகிறோம். ஸ்காட்லாந்தின் சின்ன ஊர் ஒன்றில் பழைய ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மொஃபாட்டில் 1568-ஆம் வருடத்து ஹோட்டல் இருக்கிறதாமே? மருமகனோ, அறை சிறிசு, படி குறுகல், அந்தக் காசுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் புது ஹோட்டலில் வசதியாகத் தூங்கலாம் என்கிறார். நீங்கள் போய்த் தங்கியவர். சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மொஃபாட்டிலேயே தங்குங்கள். மருமகன் சொல்வது சரிதான், பழைய கட்டடங்களில் அறைகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் வாசலைத் தாண்டினால் ஊர் நடுவே நிற்பீர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் அது கிடைக்காது.

நீங்கள் கேட்டது பிளாக் புல் ஹோட்டல். வழிப்போக்கர்களுக்கான சத்திரமாக இருந்த இடம். 1680-களில், மத விஷயத்தில் அரசருக்குப் பணிய மறுத்த கவனன்டர்களை வேட்டையாட வந்த அரசுப் படைத் தளபதி கிளேவர்ஹவுஸ் இங்கேதான் முகாமிட்டார். நூறு வருடம் கழித்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒரு குட்டிக் கவிதையைக் கீறிவிட்டுப் போனார் என்று சொல்வார்கள்.

எனக்கு இவர்களைவிட, பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள்தான் முக்கியம். ஜேம்ஸ் மக்ஜார்ஜ், ஜான் குட்ஃபெல்லோ. ஒருவர் தபால் வண்டியின் காவலர், மற்றவர் வண்டியோட்டி. 1831 பிப்ரவரி 1 அன்று கொட்டுகிற பனியில் மொஃபாட்டிலிருந்து எடின்பரோவுக்குக் கிளம்பினார்கள், வண்டி புதைந்தது, குதிரையில் போனார்கள், குதிரையும் முடியாது என்றானதும் தபால் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பைகள் சாலையோரக் கம்பம் ஒன்றில் பத்திரமாகக் கட்டப்பட்டுக் கிடைத்தன. இருவரின் உடல்களும் அப்புறம்தான் கிடைத்தன. அதே தோட்டத்தில்தான் ஜல்லி அடித்துச் சாலை போடும் முறையைக் கொடுத்த மக்காடமும் இருக்கிறார், 1836-ல் மொஃபாட்டில் இறந்தார். சாலைதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது, அந்தச் சாலைக்காக உழைத்தவர்களும் இங்கேயே கிடக்கிறார்கள். நான் அங்கே வெகுநேரம் நின்றேன், நீங்களும் நில்லுங்கள்.

அப்புறம் அகலமான ஹை ஸ்ட்ரீட்டில் மெல்ல நடங்கள். இது கம்பளிச் சந்தை ஊர், அதனால் நடுவே 1875-ல் வைத்த வெண்கலச் செம்மறிக் கிடா நிற்கும், பாவம், காது இல்லாமல். உடம்புக்கு நல்லது என்று இங்கத்திய ஊற்றின் கந்தக நீர் குடிக்க வந்த கூட்டத்துக்காக 1827-ல் கட்டிய குளியல் மண்டபம்தான் இப்போது டவுன் ஹால். இருபதே அடி அகலமுள்ள ஸ்டார் ஹோட்டலையும் பார்த்துவிடுங்கள்.

முழங்கால் வலி இருந்தால் கீழ்த்தள அறையாக முன்கூட்டியே கேளுங்கள், இந்த மாதிரிக் கட்டடங்களில் பல இடங்களில் லிஃப்ட் இருக்காது. சைவம் என்றால் காலையில் ஓட்ஸ் கஞ்சி போதும். ஹேகிஸில் ஆட்டு ஈரலும் நுரையீரலும் இருக்கும், பிளாக் புட்டிங்கில் ரத்தம், கேட்டுவிட்டுத் தட்டில் வாங்குங்கள். மொஃபாட்டுக்கு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து லாக்கர்பி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடியுங்கள். பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள், மே மாதத்தில் அங்கே இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும், சாப்பிட்டுவிட்டுக்கூட ஒரு சுற்று நடக்கலாம்.