வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். நிலைத்தன்மை உளவியலில், அதாவது சுற்றுச்சூழலைக் காக்கும் பழக்கங்களின் உளவியலில், முதுகலை ஆய்வு செய்கிறேன். பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். சுற்றுச்சூழல்மேல் மிகுந்த அக்கறை உண்டு என்று ஏறக்குறைய எல்லோரும் குறித்திருந்தார்கள். பேட்டிக்குப் போனால், அதே வீடுகளில் தண்ணீர் பாட்டில்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. என் தரவே பொய்யோ என்று தோன்றுகிறது. கடைசி அத்தியாயம் நகரவில்லை. விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

விடாதீர்கள். அந்தப் பாட்டில் கட்டுகள்தான் உங்கள் கடைசி அத்தியாயம்.

கோர்மோஸ், கிஃபர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2014-ல் இத்துறையின் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். மக்கள் தாங்கள் செய்வதாகச் சொன்னதற்கும் உண்மையில் செய்ததற்கும் இருந்த ஒட்டுறவு 0.46 (முழுக்கப் பொருந்தினால் 1). அதாவது, செயலில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பேச்சை வைத்து விளக்க முடிகிறது. நீங்கள் செயலைக்கூடக் கேட்கவில்லை, அக்கறையைக் கேட்டிருக்கிறீர்கள். இடைவெளி வரத்தான் செய்யும்.

அவர்கள் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. கோயிலில் பார்த்துப் பழகிய பிள்ளை காகிதத்தோடு வந்து நிற்கும்போது யாருக்கும் நல்ல பதில் சொல்லத்தான் தோன்றும். நீங்கள் அவர்களுக்கு யார் என்பதையும் ஆய்வில் எழுதுங்கள். வறட்சி மாதங்களில் குழாயில் மணிக்கணக்காகத் தண்ணீர் வராத இடங்கள் நம் தீவில் உண்டு. பாட்டில் வாங்குவதற்கு மனம் மட்டுமா காரணம்?

எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. காவடி முடிந்து ஏழு கறியும் வாழை இலையில் பரிமாறுகிறோமே, அது உங்கள் கேள்வித்தாளில் எங்கே வருகிறது? அதை யாரும் சுற்றுச்சூழல் என்று சொல்வதில்லை. விரதம் என்பார்கள், முருகன் என்பார்கள். சொல்லாமலே செய்கிறார்கள்.

2020 ஜூலை 25-ல் வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் கரையோரப் பவளப்பாறையில் ஏறியது நினைவிருக்கும். ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கியதும் மாஹேபூர் பக்கம் ஜனங்கள் எண்ணெயைத் தடுக்கத் துணியில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்தார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி மிதவைத் தடுப்பு செய்தார்கள். நானும் இரண்டு நாள் சோகை திணித்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த அம்மாவிடம் உங்கள் தாளைக் கொடுத்திருந்தால் என்ன குறித்திருப்பாரோ, அவர் கை மட்டும் இருட்டும்வரை நிற்கவில்லை. சொல்லிவிட்டுச் செய்யாததைப் பார்த்துவிட்டீர்கள். சொல்லாமல் செய்வதையும் அதன் பக்கத்தில் வையுங்கள்.

சரி, இனி வேலை. நெறியாளரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போங்கள். தாள் வேண்டாம். பாட்டில் ஏன், இலை ஏன் என்று வீட்டில் பேசுகிற கிரியோலிலேயே கேளுங்கள். அப்புறம் உட்கார்ந்து எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.