சென்னை வெயிலிலிருந்து மெல்பர்ன் குளிருக்கு: அப்பா அம்மாவின் முதல் நாள்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 62. தங்கைக்குக் குழந்தை பிறந்திருப்பதால் ஜூன் முதல் வாரம் தாம்பரத்திலிருந்து மெல்பர்ன் போகிறார்கள். காலை 10 மணிக்குச் சென்னையில் விமானம், சிங்கப்பூரில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு, மறுநாள் காலை 7 மணிக்கு மெல்பர்ன். அப்பாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு, இரவு 9 மணிக்கு இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர்ந்தால் வீசிங். இருவரும் குளிர் நாட்டைப் பார்த்ததே இல்லை. போய் இறங்கும் முதல் நாளை எப்படிச் சமாளிப்பது?

பதில்: இப்படிக் கேட்கும் பெரும்பாலோர் ஸ்வெட்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஸ்வெட்டர் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். ஜூன் அங்கே குளிர்காலம். அப்போது மெல்பர்னில் தட்டுப்பாடான பொருள் பகல் வெளிச்சம். காலை ஏழரைக்குத்தான் விடியும். மாலை ஐந்தேகாலுக்குள் இருட்டிவிடும். அந்த ஒன்பதரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஒரு வாரத் தூக்கம் அமையும்.

மெல்பர்ன் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடுவது. அதைப் பின்னுக்குத் தள்ளுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம். கிழக்கே போகிறவர்களுக்கு அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஆக நாலைந்து நாள் ஆகும். முதல் நாளைக் கெடுத்துக்கொண்டால் எட்டு, பத்து நாள்கூட இழுக்கும்.

இந்தக் கடிகாரத்தை நகர்த்துவது வெளிச்சம், அதுவும் சரியான நேரத்து வெளிச்சம். வழக்கமாக நாம் எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் கீழே இறங்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன்பு பட்டால் பின்னே தள்ளும். உங்கள் அப்பா அம்மா இங்கே காலை 5 மணிக்கு எழுபவர்கள் என்றால் அந்தப் புள்ளி இரவு இரண்டு, மூன்று மணி வாக்கில் வரும். மெல்பர்னில் அது காலை ஆறரை, ஏழரை. அவர்கள் விமான நிலையத்தைவிட்டு வெளியே வர எட்டரை ஆகிவிடும் என்பதால் அதன் பிறகு எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் லாபம்தான். இதே விமானத்தில் காலை 8 மணிக்கு எழும் ஓர் இளைஞர் போனால் கணக்கு மாறும். அவர் பத்தரை மணி வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகே வெயிலில் நடக்க வேண்டும். விடியற்காலையில் எழும் பழக்கம் பெரியவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கைகொடுக்கிறது.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே இரவு ஒன்பதுக்குள் படுத்து நாலரைக்கு எழுந்து, விடிந்ததும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். கடிகாரம் கொஞ்சம் இங்கேயே நகர்ந்துவிடும்.

இனி உடைக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்குவது தாம்பரத்திலேயே நடக்கிறது. குளிர் நாட்டுக்குப் போகிறோம் என்று வீட்டிலிருந்தே தெர்மல் போட்டு, மேலே ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சென்னையின் காலைப் புழுக்கத்தில் காரிலிருந்து இறங்கி, டிராலி தள்ளி, வரிசையில் நிற்பதற்குள் உள்ளே எல்லாம் நனைந்துபோகும். ஈரத் துணி உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சுவதால் விமானத்தின் ஏசியில் நடுங்கத் தொடங்குவார்கள். குளிருக்குப் போட்ட துணியே குளிரைக் கொடுக்கும்.

சென்னையிலிருந்து கிளம்பும்போது சாதாரணப் பருத்தி உடையே போதும். கைப்பையில் ஒரு துணிப்பை வைத்து அதில் இருவருக்கும் தலா ஒரு செட் தெர்மல், கம்பளி சாக்ஸ், ஃபிளீஸ் ஸ்வெட்டர், மங்கி கேப், மெல்லிய கையுறை ஆகியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. மெல்பர்ன் விமானம் ஏறுவதற்கு முன் கழிப்பறையில் முகம், கழுத்து, அக்குளைத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு தெர்மலுக்கு மாறட்டும். காற்றுப் புகாத ஜெர்கின் கையோடு வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. பெட்டி ஒரு விமானம் தாமதமாக வந்தால் ஏழு டிகிரிக் காற்றில் ஜெர்கின் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

தெர்மல் பனியன் பருத்தியாக இருக்க வேண்டாம். பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ வாங்குங்கள். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்பாவாடைக்குள் தெர்மல் லெகின்ஸ், ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல். ஜெர்கின் இடுப்போடு நிற்காமல் தொடை வரை இறங்கட்டும். மெல்பர்ன் காற்று புடவைக் கொசுவத்துக்குள் புகுந்து விளையாடும். தூறலுக்குக் குடையை நம்ப வேண்டாம், அந்தக் காற்றில் கம்பி திரும்பிவிடும். ஜெர்கினில் தொப்பி இருந்தால் போதும். பயணத்தில் பாதம் வீங்கும், சாக்ஸும் தடிமன். எனவே ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும். மங்கி கேப்பைக் கிண்டல் செய்யும் பிள்ளைகள் உண்டு. காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே துணியில் மூடும் பொருள் அதைவிட மலிவாகக் கிடையாது.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தொண்டை வறளும், மூக்கு எரியும். கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் பழக்கம். நடைபாதை ஓர இருக்கையை முன்பதிவு செய்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை ஒரு தம்ளர் தண்ணீர், அதற்காகவே எழுந்து நடப்பது, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குவது இருபது முறை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கும். முன்பே காலில் ரத்தம் உறைந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர் என்றால் டாக்டரைக் கேட்டு அழுத்தக் காலுறை போட வேண்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தாலும் சிங்கப்பூரில் கொஞ்ச தூரமாவது நடக்கட்டும்.

தூக்க மாத்திரை வேண்டாம். ஆறு மணி நேரம் அசையாமல் கிடப்பதும், பாதித் தூக்கத்தில் எழுந்து இருட்டில் தடுமாறுவதும் இந்த வயதில் ஆபத்து.

சிங்கப்பூர் நேரம் இரவு எட்டுக்குள் விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டு, விமானம் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. அப்போதே மெல்பர்னில் நள்ளிரவு. பதினொரு மணிக்கு வரும் தட்டுக்காகக் காத்திருந்தால் தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம்தான்.

அப்பாவின் இன்சுலினை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இந்திய நேரம் 9 மணிக்கு விமானத்தில் ஒரு ஊசி போட்டு, அடுத்ததை மெல்பர்ன் நேரம் 9 மணிக்குப் போட்டால் இடைவெளி 24 மணி நேரத்துக்குப் பதில் பத்தொன்பதரை மணி நேரமாகச் சுருங்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒன்றின் மேல் ஒன்று படிந்து சர்க்கரை இறங்கிவிடலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இந்த நேர அட்டவணையை டாக்டரிடம் காட்டுங்கள். எந்த ஊசியில் எத்தனை யூனிட் குறைப்பது, அல்லது நேரத்தை எப்படித் தள்ளுவது என்று எழுதித் தருவார். கிளிமெபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிடக் கூடாது. இன்சுலின், குளுக்கோமீட்டர், அம்மாவின் இன்ஹேலர் எல்லாம் கைப்பையில். சரக்கு அறையில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்தது பயன்படாது. ஒரு நாளைக்கு ஒன்று போடும் பி.பி. மாத்திரையில் பெரிய சிக்கல் இராது. காலையில் போடுவதை மெல்பர்ன் காலையிலேயே போடலாம். எல்லா மருந்தும் கடைப் பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு, மூன்று மாத அளவுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய நிரப்பும் வருகைப் படிவத்தில் உணவுப் பொருள் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று குறிக்கச் சொல்லுங்கள். பொடி, ஊறுகாய், வடகம் எதுவானாலும் சொல்லிவிட்டால், அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் உண்டு. கறிவேப்பிலை, பழம், பால்கோவா வகையறாவைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் படிவம் நிரப்புவதால்தான் பாதித் தவறு நடக்கிறது. என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை நீங்களே எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

வெளியே வரும் முன் அம்மா சால்வையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சென்னையின் வெக்கை இரவுகளுக்குப் பழகிய நுரையீரலுக்கு அந்த முதல் மூச்சே வீசிங்கைக் கிளப்பலாம். டாக்டர் சொல்லியிருந்தால் கதவைத் தாண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே இன்ஹேலரை இழுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனதும் எல்லோரும் சொல்வது, "களைப்பா இருப்பீங்க, கொஞ்சம் படுங்க." இந்த ஓர் உபசரிப்பைத் தங்கை செய்யாமல் இருக்கட்டும். இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் குளித்து, பத்தரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மேகம் மூடியிருந்தாலும் வெளியே கிடைக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைப்போலப் பல மடங்கு. ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தால் போதும். அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் வீட்டின் வடக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். ஜூனில் உச்சி வேளையில்கூட அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னலோரம் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் வெயில் எட்டிப் பார்க்காது.

மதியம் கண் செருகும். இரண்டு மணிக்குள் ஒரே ஒரு குட்டித் தூக்கம், அரை மணி நேரம், அலாரம் வைத்து, சோபாவில். கட்டிலில் ரஜாய்க்குள் போனால் எழுப்ப முடியாது. காபியும் இரண்டு மணியோடு நிற்கட்டும். ஐந்து மணிக்கு இருட்டியதும் ராத்திரி ஆகிவிட்டதுபோல் ஒரு மயக்கம் வரும். அப்போது படுத்தால் நள்ளிரவில் முழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லா விளக்கையும் போட்டு, ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரை பத்துக்குப் படுக்கை.

பேரக்குழந்தையை அன்று மடியில் வைத்துக் கொஞ்சலாம், பக்கத்தில் தங்கையோ மாப்பிள்ளையோ இருக்கும்போது மட்டும். அரைத் தூக்கத்தில் சோபாவில் குழந்தையோடு சாய்ந்து கண்ணயர்வது சிசுவின் உயிருக்கே ஆபத்து. கக்குவான் இருமல் தடுப்பூசியை இருவரும் குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது சென்னையில் போட்டிருக்க வேண்டும்.

மெல்பர்ன் வீடுகள் பல குளிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஹீட்டரை நிறுத்திய சில மணி நேரத்தில் உள்ளேயும் சில்லிட்டுவிடும். பெரியவர்கள் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிரில் ரத்த நாளம் சுருங்கி பி.பி. ஏறும், சிறுநீரும் அடிக்கடி வரும். இரவில் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வெந்நீர்ப் பையைப் படுக்கையைச் சூடாக்கப் பயன்படுத்திவிட்டு, படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். தேங்காய் எண்ணெய் அங்கே பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். அகல வாய் டப்பாவில் கொண்டுபோனால் விரலால் எடுத்து, குளித்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் கை கால்களில் தேய்க்கலாம். சும்மா காய்ந்த தோலில் தேய்த்தால் பலன் குறைவு.

முதல் இரவு பெரும்பாலும் நன்றாகவே தூங்குவார்கள், விமானத்தில் கெட்ட தூக்கம் பாக்கி இருப்பதால். இரண்டாம் இரவுதான் படுத்தும். பத்து மணிக்குப் படுத்தாலும் சென்னையில் அப்போது மாலை ஐந்தரைதான். ஒரு மணி, இரண்டு மணி வரை புரளலாம். அப்படியே புரண்டாலும் மறுநாள் ஏழரைக்கு எழுப்பிவிட வேண்டும். பாவம் என்று பதினொன்று வரை விட்டால் அன்று இரவும் அதே கதைதான். முதல் சில நாளைக்கு அப்பா சர்க்கரையை வழக்கத்தைவிட இரண்டு முறை கூடுதலாகப் பார்க்கட்டும், படுக்கும் முன் கட்டாயமாக. ஒரே காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்காமல் 000 என்ற அங்குள்ள அவசர உதவி எண்ணை அழைக்கத் தங்கையிடம் சொல்லி வையுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து வந்தாலும் இதை அலட்சியம் செய்யக் கூடாது.