ஈசிஎச்எஸ் பணம் வரவில்லை என்று மருத்துவமனை சொன்னால் என்ன செய்வது?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மனைவிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் கார்டைக் காட்டிச் செய்துவந்தார்கள். போன வாரம் பில் கவுண்டரில், "உங்க பில்லுக்கு மாசக்கணக்கா பணம் வரல. அடுத்த மாசத்துலேர்ந்து கையில கட்டிருங்க" என்று சொல்லிவிட்டார்களாம். ஊர் டீக்கடையில் ஒரு கட்சிக்காரர் மத்திய அரசு நிதியை வெட்டிவிட்டது என்கிறார். இன்னொருவர் வருடாவருடம் கூட்டித்தான் கொடுக்கிறார்கள் என்கிறார். மூன்றாமவர் மாநில அரசுதான் காரணம் என்கிறார். "யார் சொல்வது உண்மை? நான் யாரைப் போய்ப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

அண்ணே, அரசியலுக்கு அப்புறம் வருவோம். மதினிக்கு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறக் கூடாது. அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குப் போய், ஓஐசி என்று நாம் சொல்கிற பொறுப்பு அதிகாரியைப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த மருத்துவமனை இன்றைக்கும் ஈசிஎச்எஸ் ஒப்பந்த மருத்துவமனைப் பட்டியலில் இருக்கிறதா என்பது. ஒப்பந்தம் முடிந்து பட்டியலிலிருந்து போய்விட்டது என்றால் சண்டை போட்டுப் பயனில்லை. வேறு மருத்துவமனைக்கு ரெஃபரல், அதாவது பாலிகிளினிக் தரும் பரிந்துரைச் சீட்டு, மாற்றி வாங்க வேண்டியதுதான். பட்டியலில் இருந்துகொண்டே பணம் கேட்டால் கதை வேறு. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு கார்டுதாரரிடம் காசு வாங்கக் கூடாது என்பது அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். அப்படியானால் தேதி, நேரம், கவுண்டரில் பேசியவர் பெயர் மூன்றையும் நீங்களே எழுதி, கார்டு எண்ணோடு ஓஐசியிடம் மனுவாகக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

நடுவில் ஒரு தடவை இடறினால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கின்றன. அங்கே போவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். திடீரென்று மூச்சுத்திணறல் வந்தால் எது பக்கமோ அங்கே சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையாக இருந்தாலும் அவசரம் என்றால் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயிருக்க வேண்டும். கிடைப்பது நீங்கள் கட்டிய தொகை அல்ல, மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸுக்கு நிர்ணயித்த விகிதம் மட்டுமே. மீதி உங்கள் கைப்பணம்.

சரி, டீக்கடைக்கு வருவோம். மாநில அரசு என்று சொன்னவர் பேச்சை விட்டுவிடலாம். பாதுகாப்பு மத்தியப் பட்டியலில் உள்ள துறை. 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கான பணம் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக வருகிறது. இது இலவசமும் இல்லை. 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குச் சந்தா கிடையாது. இன்றைக்கு ஓய்வுபெறும் ஹவில்தார் 30,000 ரூபாய் கட்டித்தான் சேர்கிறார். பணி செய்து, பணமும் கட்டியவர்களைப் பார்த்து "சலுகை" என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

மற்ற இருவர் கையிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் ஈசிஎச்எஸ்ஸுக்கு ஒதுக்கியது சுமார் 5,431 கோடி ரூபாய். 2024-25-ல் 6,968 கோடி. 2025-26-ல் 8,317 கோடி. பிப்ரவரியில் அறிவிக்கிற தொகையை மட்டும் பார்த்தால் "கூட்டினோம்" என்பது சரி. ஆனால் 2023-24-ல் அறிவித்தது போதாமல், வருடத்தின் நடுவில் போடுகிற திருத்திய மதிப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கு 70 சதவீதம் கூட்ட வேண்டிவந்தது. கணக்குப் போட்டால் 9,000 கோடியைத் தொடுகிறது. அவ்வளவு தேவைப்பட்ட வருடத்துக்கு அடுத்த வருடமே 6,968 கோடியில் தொடங்கினார்கள். "வெட்டிவிட்டார்கள்" என்று எதிர்க்கட்சி பேசுவது இந்த இடைவெளியைப் பிடித்துத்தான். என் கருத்தில் வெட்டு என்பது சரியான சொல் அல்ல. செலவு எவ்வளவு என்று தெரிந்தும் தொடக்கத்திலேயே குறைத்துப் போடுகிறார்கள். இடையில் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் பில்கள் தேங்குகின்றன. அந்தத் தேக்கம்தான் மதுரை கவுண்டரில் உங்கள் காதில் விழுந்தது. பயனாளிகள் 60 லட்சத்துக்கு மேல், எல்லோருக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தச் செலவு எதிர்பாராமல் வந்ததில்லை.

மருத்துவமனைகள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சிஜிஎச்எஸ் விகிதங்கள் 2014-க்குப் பிறகு பெரிய அளவில் திருத்தப்பட்டது 2025 அக்டோபரில்தான். பழைய விலையைக் கொடுத்து, அதையும் தாமதமாகக் கொடுத்தால் யாருக்கும் சிரமம்தான். அதற்காக நோயாளியை நடுவில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி யாரைப் பார்ப்பது. கலெக்டர் அலுவலக முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். உதவி இயக்குநர் உங்கள் மனுவை மேலே அனுப்புவார். ஆனால் பணத்தை விடுவிக்கிற அதிகாரம் கலெக்டருக்கும் இல்லை, எம்எல்ஏவுக்கும் இல்லை. நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. காரைக்குடி, திருப்பத்தூர் மட்டுமின்றி, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. மாவட்டம் இரண்டானாலும் செட்டிநாட்டுப் பட்டாளத்துக்காரர்களுக்கு எம்பி பெரும்பாலும் ஒருவரே. அவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள். "நிதி கொடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நம் ஈசிஎச்எஸ் மண்டல மையத்தில் எத்தனை கோடி ரூபாய் பில் எத்தனை மாதமாக நிற்கிறது, இந்த வருடம் அந்த மையத்துக்கு வந்தது எவ்வளவு என்ற இரண்டையும் மக்களவையில் கேட்கச் சொல்லுங்கள். அதே இரண்டு கேள்வியை 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ என்கிற தகவல் உரிமைச் சட்டத்திலும் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மருத்துவமனை மீதான புகாரை மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் பதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்களில் யாருக்காவது 70 வயது ஆகியிருந்தால், ஆயுஷ்மான் பாரத் முதியோர் அட்டை, வருடம் 5 லட்சம் என்று யாராவது வரலாம். ஈசிஎச்எஸ் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது பாலிகிளினிக்கில் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியில் உங்கள் பேரன் அக்னிவீரில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேரட்டும், ஆனால் தெரிந்து சேரட்டும். நான்கு வருடத்தில் வெளியே வருகிறவர்களுக்கு பென்ஷனும் இல்லை, இந்த ஈசிஎச்எஸ் கார்டும் இல்லை. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் வரைதான். இலுப்பைக்குடியில் இருக்கும் ஐடிபிபி (இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை) முகாமைப் பார்த்து அதிலும் ஆசைப்படுகிறான் என்றால், அது உள்துறையின் கீழ் வருவது, அங்கே ஓய்வுபெற்றாலும் ஈசிஎச்எஸ் கிடையாது, மருத்துவத்துக்கு வேறு ஏற்பாடு.

பாலிகிளினிக் போகும்போது மதினியின் கார்டு, உங்கள் கார்டு, பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், கடைசி ரெஃபரல், இதுவரை நடந்த டயாலிசிஸ் குறிப்புகள் எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், அசல் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.