பெயரை நீக்கினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

நாள்பட்ட வலியோடு வாழ்பவர்கள் இணையக் குழு ஒன்றில் எழுதிக்கொள்பவற்றை, முனைவர் பட்டத்துக்காகப் பண்புசார் முறையில், அதாவது எண்ணிக்கையை அல்லாமல் சொற்களின் பொருளை நோக்கி, ஆராய்கிறேன். எவரும் படிக்கக்கூடிய பதிவுகள் என்பதால் ஒப்புதல் தேவையில்லை என்றும், பெயரை நீக்கிவிட்டு வாசகங்களை அப்படியே மேற்கோள் காட்டலாம் என்றும் எண்ணுகிறேன். சரிதானா?

ஆய்வு மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தரவு அரியது. நேர்காணலில் நம் கேள்வியே பதிலின் போக்கைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. இங்கேயோ வலியால் உறங்க முடியாத ஒருவர், தம்மைப் போன்ற இன்னொருவருக்காக, ஆய்வாளர் எவரும் கேட்காமலேயே எழுதுகிறார். இத்தகைய உரையாடல்களை ஆராய்வதற்கென்றே சந்தையியல் அறிஞர் ராபர்ட் கோசினெட்ஸ் 1990களில் 'நெட்னோகிராஃபி' என்னும் முறையை வகுத்தார்.

ஆனால் வலியோடு இருப்பவர் எழுதியது அந்த இன்னொருவருக்காக. உங்கள் ஆய்வேட்டுக்காக அல்ல. எவராலும் படிக்க முடிகிறது என்பதனாலேயே எதற்கும் எடுத்தாள அவர் இசைந்துவிட்டார் என்று கொள்ள முடியாது.

பெயரை நீக்குவதும் போதாது. 2006இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், பல லட்சம் பயனர்களின் தேடல் சொற்களை, பெயர்களுக்குப் பதில் எண்களை இட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்தச் சொற்களைக் கொண்டே ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டடைந்தார்கள். உங்கள் நிலையில் இது இன்னும் எளிது: மேற்கோளின் ஒரு வரியைத் தேடுபொறியில் இட்டால், எழுதியவரின் பக்கமே திறந்துவிடக்கூடும், அங்கே அவருடைய நோயும் குடும்பமும் மனச்சோர்வும் ஒன்றாகக் கிடக்கும்.

ஆகவே பகுப்பாய்வை மூல வாசகங்களில் செய்யுங்கள், அச்சில் அவற்றின் சாரத்தை உங்கள் சொற்களில் தாருங்கள். அப்படி எழுதியதையும் தேடுபொறியில் இட்டுச் சோதியுங்கள். இதில் இழப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் பண்புசார் ஆய்வில் ஒருவர் தேர்ந்த சொல்லே பல வேளைகளில் தரவாகிறது. அத்தகைய இடங்களில் மட்டும், எழுதியவரிடம் நேரடியாக ஒப்புதல் கேளுங்கள். மறுத்தால், அந்த வாசகம் எவ்வளவு கூர்மையானதாயினும் விட்டுவிடுங்கள். உங்கள் கல்வி நிறுவனத்தின் ஆய்வு நெறிக்குழு, இணையக் குழுவின் பதிவுகளை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் ஆகியோரின் அனுமதியைத் தரவு திரட்டும் முன்பே பெறுவது நல்லது.

இன்னொன்று: இத்தகைய குழுக்களில் எழுதுபவர்களைவிடப் படித்துவிட்டு மட்டும் போகிறவர்களே பொதுவாக மிகுதி. அவர்களுடைய அனுபவம் உங்கள் தரவில் இல்லை என்பதால், 'நோயாளிகள் இவ்வாறு கருதுகிறார்கள்' என்று எழுதாமல், 'இக்குழுவில் எழுதியவர்கள்' என்றே எழுதுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், நீங்கள் எடுத்தாண்ட பதிவுகள் இன்னும் அங்கே இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். எழுதியவர் தாமே அழித்துவிட்டவற்றை நீங்களும் நீக்கிவிடுங்கள்.