ஆமைக்கு ஒரு வாசல்: கடல் உணவு ஏற்றுமதி, கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளுக்கு, ஏற்றுமதிக் கொள்முதலில் பல காலம் இருக்கும் ஒருவரின் பதில்கள்.

அண்ணே, குளத்தில் வளர்க்கும் வண்ணாமி இறாலை அமெரிக்கா அள்ளிக்கொண்டு போகிறது. நாங்கள் கடலில் மடி (இழுவை வலை) போட்டுப் பிடிக்கும் இறால் மட்டும் ஏன் போவதில்லை? (ராமேஸ்வரம், விசைப்படகு உரிமையாளர்)

ஆமைதான் காரணம், தம்பி. கடல் ஆமை சாகாமல் இறால் பிடிக்கும் நாடுகளிடம்தான் வாங்குவோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் போட்டது. நம் இழுவைமடிகளில் ‘டெட்’ எனப்படும் ஆமை விலக்கும் கருவி இல்லாததால் 2019-இலிருந்து நமது கடல் இறாலுக்கு அங்கே தடை. வண்ணாமி வளர்ப்பு இறால் என்பதால் தப்பித்தது.

அந்தக் கருவியைப் போட்டால் இறாலும் ஓடிவிடாதா? (பாம்பன்)

மடியின் கடைசிப் பைக்கு முன்னால் சாய்வாக வைத்துத் தைக்கும் கம்பிச் சட்டம் அது. கம்பிகளுக்கு நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி. இறால் அதற்குள் நுழைந்து பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சாய்வோடு சறுக்கி, வலையில் வெட்டிவிட்ட வாசல் வழியாக வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கு ஏற்றபடி ஒன்று செய்து வைத்திருக்கிறது. இறால் கொஞ்சம் போகத்தான் செய்யும், அதை மறைப்பதற்கில்லை. கம்பியில் பாசியும் குப்பையும் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். அதனால் மடி ஏறும்போதெல்லாம் சட்டத்தைத் துடைத்துவிட வேண்டும். பெரிய திருக்கையும் அதே வாசலில் போய்விடும். அங்கேதான் எல்லோருக்கும் வயிறு எரிகிறது!

என் படகில் மட்டும் மாட்டினால் என் இறாலை எடுப்பார்களா? (மண்டபம்)

மாட்டார்கள். அவர்கள் சான்று கொடுப்பது நாட்டுக்கு, தனிப் படகுக்கு இல்லை. எல்லோரும் மாட்ட வேண்டும், அரசு சோதிக்க வேண்டும், அவர்கள் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். அதுவரை முதலில் மாட்டுகிறவனுக்கு நஷ்டம்தான் மிச்சம். இந்த விதியில் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். சங்கங்கள் டீசலுக்கு மானியம் கேட்கும் அதே மனுவில் இந்தக் கருவிக்கும் கேட்கலாம்.

இது மிரட்டல்தானே? வழக்குப் போட முடியாதா? (தொண்டி)

போட்டாயிற்று. மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து இந்தியாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அமெரிக்கா விதியை நடத்திய விதம் பாரபட்சமானது என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஆமைக்காக விதி போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. அவர்கள் நடைமுறையைத் திருத்திக்கொண்டார்கள். விதி அப்படியேதான் இருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகும் கணவாய் எந்தப் படகில் வந்தது என்று கேட்கிறார்கள். ஏலத்தில் எடுத்த சரக்குக்கு என்ன சொல்வது? (மண்டபம், வியாபாரி)

கடலில் பிடித்த சரக்குக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். நம்மிடம் எம்பெடா (மத்திய அரசின் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) சரிபார்த்துத் தருகிறது. ஐந்து படகுச் சரக்கை ஒரே பெட்டியில் கொட்டி ஐஸ் போட்டுவிட்டால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ஏலம் முடிந்த கையோடு படகின் பதிவு எண்ணும் தேதியும் எழுதிய சீட்டைக் கூடையிலேயே போடுங்கள். பிறகு உட்கார்ந்து நிரப்புகிற சீட்டு காட்டிக்கொடுத்துவிடும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்தத் தேதியில் விசைப்படகு எண் வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

பாமாயிலுக்கு ஐரோப்பா போட்ட காட்டழிப்புச் சட்டம் எங்கள் கருப்பட்டியையும் பிடிக்குமா, அண்ணே? (சாயல்குடி)

பிடிக்காது, தங்கச்சி. 2023-இல் வந்த அந்தச் சட்டம் மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழுக்கும் அவற்றிலிருந்து செய்யும் பொருட்களுக்கும்தான். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்திருக்கக் கூடாது, நிலம் எங்கே என்று காட்ட வேண்டும் என்கிறது. மலேசியா, இந்தோனேசியாவுக்குத்தான் தலைவலி. நம் பனை வேறு மரம். உங்களிடம் கேட்கப்போவது உணவு ஆய்வறிக்கை. சீனி கலந்த கருப்பட்டி அதில் மாட்டிக்கொள்ளும், பார்த்து அனுப்புங்கள்.