எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு: மாற்று வழி உண்டா?

கேள்வி: வங்கி, ரயில் டிக்கெட், பி.எஃப்., வருமான வரி என்று எங்கே போனாலும் பாஸ்வேர்டு. ஒன்றையே வைத்துக்கொண்டு கடைசி எண்ணை மட்டும் மாற்றிப் போடுகிறேன். அப்படியும் எது எங்கே என்று குழம்பிவிடுகிறது. டைரியில் எழுதி வைக்கலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை.

கடைசி எண்ணை மாற்றும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கசிந்தால், திருடர்கள் அதே ஜோடியை மற்ற தளங்களிலும் மென்பொருளை வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். 1-ஐ 2 ஆக்குவதும் அவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

நினைவில் வைக்கும் வேலையை, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரிடம் விடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளுடையதும் ஐபோனில் ஆப்பிளுடையதும் இருக்கின்றன. தனியாக வேண்டுமென்றால் பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. தளத்துக்குத் தளம் வேறு வேறு பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, அதுவே நிரப்பும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று: அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். வங்கிப் பெயரில் வந்த லிங்கைத் திறந்ததும் வழக்கமாக வரும் பாஸ்வேர்டு வரவில்லையா? எதையும் தட்டச்சு செய்யாமல் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பாஸ்வேர்டே இல்லாத வழி பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-இல் சேர்ந்து ஆதரித்த முறை இது. ரகசியச் சாவி உங்களிடமே இருக்கும், தளத்திடம் அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும். கைரேகை வைத்தால் உள்ளே போகலாம். தளத்திலிருந்து திருட பாஸ்வேர்டே இருக்காது. எல்லாத் தளங்களும் இன்னும் இதற்கு மாறவில்லை. ஜிமெயிலில் இருக்கிறது, இன்றே போடுங்கள்.

சரி, மனதில் வைக்க வேண்டியவை? மின்னஞ்சல் பாஸ்வேர்டு, மேனேஜரைத் திறக்கும் முதன்மை பாஸ்வேர்டு, அப்புறம் யு.பி.ஐ. பின். முதல் இரண்டுக்கும் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள்: முருங்கை, தாழ்ப்பாள், ஒட்டகம், புதன், கரண்டி மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள்! சின்னதாக, சிக்கலாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே பலம். கசிந்ததாகத் தெரியாதவரை அடிக்கடி மாற்றவும் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் டைரி இதற்குத்தான். அந்த இரண்டு பாஸ்வேர்டுகளையும் போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய ஜிமெயில் தரும் பேக்கப் கோடுகளையும் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். போனில் போட்டோவாகவோ வாட்ஸ்அப்பிலோ வேண்டாம். முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள், அடுத்து வங்கி. மற்றவற்றை உள்ளே நுழையும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.